மெழுகை மூத்தவர் உடைக்க வேண்டும்

என் தங்கை பிலோமினா என்னைவிடப் பதினோரு மாதம் இளையவள். அந்தப் பதினோரு மாதத்தை வைத்து நான் நாற்பத்தைந்து வருடம் பிழைப்பு நடத்தினேன். வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்குப் பேருந்தில் போனால் சன்னல் சீட்டு மூத்தவனுக்கு. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் நல்லி எலும்பு மூத்தவனுக்கு. "அண்ணன்னு கூப்பிடுடி" என்று அம்மா அவள் தலையில் குட்டும்போது நான் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். அவளும் கூப்பிடுவாள். அந்த "அண்ணே"வில் இருந்த மரியாதையை ஒரு டீஸ்பூனில் அள்ளிவிடலாம்.

அம்மா அப்பா போனபின் எனக்கு மிஞ்சிய ஒரே சொந்தம் அவள்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. "எங்கண்ணன் பீப்பாயைக் கட்டிக்கிட்டான்" என்று அவள் எல்லோரிடமும் சொல்லுவாள். அது உண்மைதான்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் சேதராப்பட்டில் ஒரு சிறிய பீர் ஆலையில் நான் சுவை பார்ப்பவன். நாங்கள் தயாரித்தது ஒரே வகை, பார்லி ஒயின். பெயரில்தான் ஒயின், சரக்கு பீர்தான். ஆனால் சாதாரண பீரைவிட இரண்டு மூன்று மடங்கு காட்டம், கருப்பட்டிப் பாகின் நிறம். மற்ற பீரைத் தயாரானதுமே குடித்துவிட வேண்டும். இதை வைத்திருந்து குடிக்க வேண்டும். முதல் வருடம் தொண்டையைச் சுடும், ஆரஞ்சுத் தோலைக் கடித்ததுபோல் கசக்கும். நாலு வருடம் தூங்கவிட்டால் பேரீச்சம்பழம் எட்டிப் பார்க்கும். பத்து வருடத்தில் காய்ந்த அத்திப்பழமும் பழைய மர அலமாரியைத் திறந்த வாசனையும் வந்துவிடும். எந்தப் பீப்பாயை எழுப்பலாம், எது இன்னும் தூங்கட்டும் என்று சொல்வதுதான் என் வேலை. சொன்னதும் போத்தலில் அடைத்து, மூடிமேல் சிவப்பு மெழுகை உருக்கி ஊற்றுவார்கள்.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. புதிய சரக்கின் முதல் போத்தல் திறக்கும்போது, மேசையைச் சுற்றி இருப்பவர்களில் மூத்தவர்தான் மெழுகை உடைக்க வேண்டும். முதலாளியாக இருந்தாலும் வயதில் சின்னவரென்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பழைய ஆட்கள் ஓய்வு பெற்றபின் பல வருடமாக மெழுகு உடைக்கும் கத்தி என் கையில்தான் இருந்தது.

ஒயின் சுவைப்பவர்கள் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள். பீர்க்காரர்கள் துப்ப மாட்டோம். கசப்பின் கடைசி வால் தொண்டைக்குழியில்தான் தெரியும், விழுங்காதவன் பாதிதான் சுவைத்தான் என்பது எங்கள் வேதம். நான் வேதத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். ஈரல் போய்விட்டது.

டாக்டர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "யாராவது சொந்தக்காரங்க ஈரல்ல ஒரு பகுதியைக் குடுக்கணும். உங்க தங்கச்சிக்குப் பொருந்துது. ஆனா அவங்க ஈரல்ல கொழுப்பு ஜாஸ்தி. இப்ப வெட்டி எடுத்தா உங்களுக்கும் பத்தாது, அவங்களுக்கும் ஆபத்து. நடந்து, உடம்பு இளைச்சு, சாப்பாட்டை மாத்தினா ஆறேழு மாசத்துல கரைஞ்சிடும்."

"எனக்கு எத்தனை மாசம் இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் மாதக் கணக்கில் வரவில்லை. மூன்று வாரம் என்றார், நான்கு வாரம் என்று திருத்தினார்.

பிலோமினா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பில் பசங்கள் நடுங்குவார்கள். அன்றைக்கு என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "சாயங்காலமானா பஜ்ஜி, நைட்டுக்குப் பரோட்டா. தின்னு தின்னு உன்னைக் கொல்றேனே அண்ணே" என்றாள். அவளைச் சிரிக்க வைக்க வேண்டுமென்று தணிகையின் காடிக் கதையைச் சொன்னேன்.

தணிகாசலம் எங்கள் முதலாளி. அப்பாவிடமிருந்து ஆலையை வாங்கிக்கொண்ட முப்பத்து நாலு வயதுப் பையன், வெளிநாட்டில் இயற்பியல் படித்தவன். பத்து வருடம் காத்திருக்கப் பொறுமை இல்லை அவனுக்கு. ஆலையின் பின்கட்டில் ஒரு கூடத்தை எடுத்துச் சுவருக்குள் என்னென்னவோ வளையங்களைப் பதித்து, உள்ளே காலம் வேகமாக ஓடும்படி செய்துவிட்டான். வெளியே ஒரு நாள் என்றால் உள்ளே ஒரு வருடம். அதை அவன் ஒரு சுற்று என்பான். நாங்கள் விரைவறை என்போம். எப்படி என்று நான் கேட்டபோது பலகையில் எழுதிக் காட்டினான். எனக்குப் புரிந்தது மின்சாரச் செலவு மட்டும்தான்.

"பத்து சுத்து ஓட்டினான்" என்று பிலோமினாவிடம் சொன்னேன். "பத்து நாள்ல பத்து வருஷத்துச் சரக்குன்னு கதவைத் திறந்தா, அத்தனையும் காடி."

"ஏனாம்?"

"மரப் பீப்பாய் மூச்சு விடும். மாசாமாசம் கொஞ்சம் ஆவியாகி, மேல வெற்றிடம் வந்துடும். அதுல காத்து பூந்தா புளிச்சுடும். அதனால இன்னொரு பீப்பாய்லேர்ந்து எடுத்து விளிம்பு வரைக்கும் நிரப்பிக்கிட்டே இருக்கணும்."

"ஊறுகாய் மேல எண்ணெய் நிக்கற மாதிரி."

"அதேதான். அதுக்கு உள்ள ஒரு இயந்திரக் கை வெச்சான். அது பாட்டுக்கு ரொப்பிச்சு. ஆனா எந்தப் பீப்பாய்லேர்ந்து எடுத்து ஊத்துச்சோ அதுவே புளிச்சுப் போயிருந்துது. கைக்கு மூக்கு ஏது? ஒரு பீப்பாய் காடியை எல்லாத்துக்கும் பங்கு போட்டுக் குடுத்துடுச்சு. உள்ள ஒரு மனுஷ மூக்கு இருந்திருந்தா தப்பிச்சிருக்கும்னு தலைல அடிச்சுக்கறான்."

அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். கணக்கு டீச்சர் மனக்கணக்குப் போடும் முகம் எனக்குத் தெரியும்.

"வெளிய ஒரு நாள்னா உள்ள ஒரு வருஷமா?" என்றாள். "ஆறேழு மாசத்துல கரைஞ்சிடும்னாங்களே டாக்டரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "பைத்தியமா நீ? ஜெசியை விட்டுட்டா?" என்று கத்தினேன். ஜெசி அவள் மகள். கல்யாணமாகிப் பத்து வருடம் தவமிருந்து பெற்ற பிள்ளை, அப்போது ஏழு வயது.

"அவளுக்கு ஒரு நாள்தானே அண்ணே" என்றாள். "ஸ்கூலுக்குப் போயிட்டு வந்து தூங்கி எழுந்தா நான் வந்திருப்பேன்."

"உனக்கு?"

அவள் என் போர்வையை இழுத்து மூடிவிட்டு எழுந்தாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் தூங்கியபிறகு என் போனிலிருந்து தணிகையின் நம்பரை எடுத்து அவளே பேசிவிட்டாள்.

தணிகை மறுநாள் வெளிறிப்போய் வந்தான். "அக்கா, உள்ள ஆளை வெச்சு நான் ஓட்டினதே இல்ல. சுண்டெலி போயிட்டு நல்லாத்தான் வந்துது. ஆனா சுத்து ஆரம்பிச்சா நடுவுல திறக்க முடியாது. ஆறு மாசத்துல கரைஞ்சிட்டாலும் மீதி ஆறு மாசம் இருந்துதான் ஆகணும். போன் கிடையாது, சன்னல் கிடையாது."

"காய்ச்சல் வந்தா?" என்று நான் கேட்டேன்.

"மாத்திரை வெச்சிடலாம்."

"வேற பெருசா ஏதாவது வந்தா?"

பிலோமினாதான் பேசினாள். "தம்பி, உங்க பீப்பாயை எல்லாம் உள்ள வெச்சிடுங்க. நான் ரொப்பறேன். வேலை இல்லாம ஒரு வருஷம் சும்மா உக்காந்தா புத்தி பேதலிச்சிடும்."

அவன் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்து போனதைப் பார்த்தேன். காடியாகிப்போன ஆலைக்கு அவன் தேடிய மனித மூக்கு தானாக வந்து நின்றது. அதற்காக வெட்கப்பட்டவனைப்போல் உடனே தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவனாவது பீருக்கு ஆசைப்பட்டான், நான் அவளுடைய ஒரு வருடத்துக்கே ஆசைப்பட்டேன். வேண்டாம் என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தபோதே உள்ளுக்குள் வாழ வேண்டும் என்று அடித்துக்கொண்டது. மூன்றாம் முறை அவள் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் கணவர் அருளப்பனும் "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

அவளுக்குப் பாடம் நடத்த ஒரு மத்தியானம் கிடைத்தது. ஆலையில் நாங்கள் வயது வரிசையில் கோப்பைகளை வைத்துச் சுவைப்போம், இளசு முதலில், கிழடு கடைசியில். அன்றும் அப்படித்தான் வைத்தோம். ஆனால் எனக்குக் குடிக்கத் தடை. அவளுக்கும் தடை. குடியே பிடிக்காதவள் வேறு. இரண்டு பேரும் எட்டுக் கோப்பைகளின் முன் உட்கார்ந்து மோந்து மட்டும் பார்த்தோம். அந்த ஆலையில் யாரும் ஒரு சொட்டும் குடிக்காமல் நடந்த சுவைப்பு அது ஒன்றுதான்.

"இது ஆஸ்பத்திரில ஊசி போடறதுக்கு முன்னாடி தடவற பஞ்சு" என்றாள் முதல் கோப்பையை மோந்து.

"சரிதான். இளசு. அடுத்தது?"

"கேக்குக்கு ஊற வெச்ச திராட்சை." மூன்றாவதில் கொஞ்சம் நின்றாள். "அம்மா கிறிஸ்மஸ் சேலையை எடுக்கத் திறக்கற பெட்டி."

அவளுக்கு அந்த மூக்கு இருந்தது நாற்பத்தைந்து வருடமாக எனக்குத் தெரியாது. கடைசியில் காடியாகிப்போன கோப்பையைக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள். "இந்த வாசனை வந்தா அந்தப் பீப்பாயைத் தொடக் கூடாது, அதுலேர்ந்து ஒரு துளி எடுக்கக் கூடாது, வாயைக் கட்டி ஓரமா வெச்சிடணும்" என்றேன். தலையாட்டினாள்.

ஒரு வருடத்துக்கான கேழ்வரகும் பயறும் உலர்ந்த கீரையும் மாத்திரைகளும் புத்தகங்களும் உள்ளே போயின. சர்க்கரை ஒரு பொட்டுகூட வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள். காலையில் ஜெசியை அணைத்து முத்தம் கொடுத்தாள். ஜெசிக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. "நான் வர்ற வரைக்கும் புடுங்காதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது.

என்னைச் சக்கர நாற்காலியில் கதவுக்கு எதிரே உட்கார வைத்திருந்தார்கள். தணிகை சர்க்கரையில்லாத டீ கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டு, தெரியாத்தனமாக ஒன்றைச் சொன்னான். "அண்ணே, நீங்க இந்த டீயைக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்களுக்கு உள்ள ஒரு நாள் முடிஞ்சிடும்."

அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. ஜெபமாலையை எடுத்து ஒரு சுற்று சொல்லி முடித்தேன். உள்ளே ஐந்து நாள் போயிருந்தது. ஐந்து நாளும் அவள் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள். எனக்கு இருமல் வந்து அடங்குவதற்குள் அவள் சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவியிருப்பாள். மத்தியானம் என்னையறியாமல் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்ததும் தணிகையிடம் எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று கேட்டேன். அவன் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. நான் ஒரு குட்டித் தூக்கம் போட்ட நேரத்தில் அவள் ஒரு மாதத்தைத் தனியாகத் தள்ளியிருந்தாள். எனக்காக யாரும் அவ்வளவு செய்ததில்லை, செய்யும்படி நான் யாருக்கும் எதுவும் செய்ததும் இல்லை.

மறுநாள் காலை கதவு திறந்தது. முதலில் வந்தது வாசனை. பீப்பாய் மரமும் ஆரஞ்சுத் தோலும் கலந்த, இன்னும் காரம் அடங்காத வாசனை. அதற்குப் பின்னால் பிலோமினா. பாதி ஆளாக இளைத்திருந்தாள். முடி இடுப்புக்குக் கீழே வளர்ந்து, முன்நெற்றியில் ஒரு கொத்து வெளுத்திருந்தது. வெளிச்சம் தாங்காமல் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

ஜெசி ஓடிப்போனவள், பாதி வழியில் நின்றுவிட்டாள். நேற்றுப் பார்த்த அம்மா இல்லை அது. பிலோமினா மெதுவாக மண்டியிட்டு உட்கார்ந்து, குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்தாள்.

"பல்லு..." என்றாள். குரல் கரகரத்து வந்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "பல்லு இன்னும் விழலையா?"

"நீதானம்மா நேத்து புடுங்காதேன்னே" என்றாள் ஜெசி.

அந்தப் பல் விழுந்து, புதுப்பல் முளைத்து, குழந்தை வளர்ந்து தன்னை மறந்துபோனதாகவே உள்ளே ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தாளாம். தெரிந்த கணக்குத்தான், ஆனால் மனசு கேட்கவில்லை என்று பிறகு சொன்னாள். அன்றைக்கு ஆடுகிற பல்லை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜெசியைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். அருளப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் அம்மா மூன்று தடவை பெயரைச் சரிபார்த்தார். அந்த வாரமே அறுவை நடந்தது. அவள் ஈரலின் ஒரு துண்டு என் வலப்பக்க விலாவுக்கடியில் இருக்கிறது. மருத்துவமனையில் அருகருகே படுத்திருந்தபோது நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "வயித்துல தையல் இருக்கு, சிரிக்க வைக்காதே" என்று அடக்கிவிட்டாள்.

ஆனால் அவள் முழுசாகத் திரும்பி வர நாளாயிற்று. பள்ளியில் பிள்ளைகளின் பெயர்கள் மறந்துபோயிருந்தன. சந்தையில் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்வாள். மழை வந்தால் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசலில் போய் நிற்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு விலாவுக்கடியில் என்னவோ செய்யும்.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. ஆலை வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். மருத்துவப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கு முதல் நாள் மகனை உள்ளே அனுப்பி ஒரு வருடம் படிக்க வைக்க வேண்டுமென்று ஒரு அப்பா வந்தார். தொழிலாளர்களை உள்ளே வைத்து ஒரு நாளில் ஒரு வருட வேலையை வாங்க வேண்டுமென்று ஒரு கம்பெனிக்காரர் வந்தார். அன்றைக்குத்தான் தணிகைக்குப் பயம் பிடித்தது.

"அண்ணே, நான் பீரைத்தான் சீக்கிரம் கிழடாக்க நெனச்சேன். இவங்க மனுஷங்களைக் கேக்கறாங்க" என்றான். அடுத்த வாரம் சுவரை உடைத்து வளையங்களைப் பிடுங்கிவிட்டான். பீப்பாய்கள் பழையபடி இருட்டறையில் வரிசையாக, தங்கள் வேகத்தில் தூங்கப் போயின. பிலோமினா பார்த்துக்கொண்ட பீப்பாய்களில் ஒன்றை மட்டும் போத்தலில் அடைத்தான். விற்கவில்லை.

எனக்கு நடமாட்டம் வந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முதல் போத்தலைத் திறக்கக் கூடினோம். மேசையைச் சுற்றி தணிகை, நான், பிலோமினா மூன்று பேர். குடிக்கப்போவது தணிகை மட்டும், நாங்கள் மோப்பம்.

"எல்லாப் பீப்பாய்க்கும் பேர் வெச்சிருந்தேன்" என்றாள் பிலோமினா. "இது அம்மா. கடைசி வரைக்கும் கெடவே இல்ல. ஒன்பதாவதுக்கு லூர்துன்னு வெச்சேன்."

"என் பேரா? ஏன்?"

"அதுதான் முதல்ல புளிச்சுது."

தணிகை விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே வழக்கம்போல் சிறு கத்தியை என்னிடம் நீட்டினான். "அண்ணே, மேசையில மூத்தவர் நீங்கதான். மெழுகை உடைங்க."

கத்தியை வாங்கி மெழுகின் விளிம்பில் வைத்தேன். எதிரே அவள் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்நெற்றியில் அந்த வெள்ளைக் கொத்து. அவள் எனக்குக் கொடுத்தது ஒரு வருடம். நான் அவளைவிடப் பெரியவனாக இருந்தது பதினோரு மாதம். ஆறு மாதமாக நன்றி சொல்ல வார்த்தை தேடி அலைந்தவனுக்கு அது கண்முன்னாலேயே இருந்திருக்கிறது.

கத்தியைத் திருப்பி, பிடியை அவள் பக்கமாக நீட்டினேன்.

"நீதான் உடைக்கணும்க்கா" என்றேன்.

தணிகை சிரிப்பதை நிறுத்தினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. கத்தியை வாங்கி, சிவப்பு மெழுகை ஒரே சுற்றில் கழற்றினாள். மூடியைத் திறந்து, முதலில் தான் மோந்து பார்த்துவிட்டு, போத்தலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"உனக்குக் கணக்கு வர இத்தனை நாளா?" என்றாள். "அடுத்த வாரம் வில்லியனூர் திருவிழா. பஸ்ல சன்னல் சீட்டு எனக்கு."